பதினேழாம் எண் உறை

காலை 11.20. மேசையில் அந்த உறை இல்லை.

கென்டக்கி மலைப்பள்ளியின் கூடைப்பந்து அரங்கில் ஆண்டுக்கு ஒரு நாள் இலவசமாகப் பல் பிடுங்குவார்கள். காவலுக்கு வந்திருந்த துணை ஷெரிஃப் ஒலீட்டாவை நர்ஸ் வாண்டா கைதட்டிக் கூப்பிட்டாள். காணாமல் போனவை கிருமியைக் கொல்லும் நான்கு அமாக்சிசிலின் மாத்திரைகள். வெர்லின் ஸ்டாம்பருக்கானவை. அவர் இதயத்தில் இருப்பது செயற்கை வால்வு. பல் பிடுங்கும்போது கிருமி இரத்தத்தில் இறங்கி அதில் ஒட்டிக்கொண்டால் பிழைப்பது கடினம். பிடுங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நான்கையும் விழுங்கியாக வேண்டும்.

முகாமில் வேறு அமாக்சிசிலின் இல்லை. மருந்துக்கடைக்குப் போய்வர இரண்டு மணி நேரம். பல் டாக்டர் பிரிடி அரங்கைக் காலி செய்ய வேண்டியது இரண்டு மணிக்கு.

"பன்னிரண்டரைக்குள்ள அவர் அதை முழுங்கலைன்னா பல்லத் தொட மாட்டேன்," என்றார் பிரிடி. "அழுகின பல்லோட அனுப்புறதும் ஆபத்துதான்."

11.34. மேசையை ஒட்டிய பெஞ்சில் மூன்று பேர். எல்லார் புறங்கையிலும் மையால் எழுதிய வரிசை எண். பதினேழு, வெர்லின். ஒன்பது, அவர் மகள் டாம்சி. காலையிலேயே பல்லைக் கொடுத்துவிட்டு வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு, டிவைட், மாத்திரை திருடி இரண்டு வருடம் உள்ளே இருந்தவன். மொத்த அரங்கும் அவனைத்தான் பார்த்தது.

அடுத்தவரைக் கூப்பிட இரண்டு நிமிடம் நகர்ந்ததாக வாண்டா சொன்னாள். மேசையில் இருந்தவை வலி மாத்திரை உறைகள் இருபது, மருந்தின் பெயர் அச்சிட்டவை. கூடவே அவள் பேனாவால் '17' என்று மட்டும் எழுதிய ஒரு வெள்ளை உறை.

டிவைட் பைகளை வெளியே இழுத்துக் காட்டினான். "நான் எடுத்திருந்தா அந்த இருபதை விட்டுட்டு இதையா எடுப்பேன், டெபுடி? தொழிலக் கேவலப்படுத்தாதீங்க."

வெர்லின் ஒலீட்டாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: பல்லு புடுங்கின பிறகு தின்னாலும் அது வேலை செய்யுமா?

ஒலீட்டா கடிகாரத்தைப் பார்த்தாள். வாண்டாவைப் பார்த்தாள். மேசை வரை நடந்து போய்த் திரும்பி வந்தாள்.

12.11. "வெர்லின் ஐயா, அந்த உறைமேல மருந்து பேரே இல்ல. வெறும் பதினேழு. உள்ள என்னன்னு யாருக்குத் தெரியும்? கையில பதினேழு இருக்கிற ஆளுக்குத்தான்."

அவர் புறங்கையை மூடிக்கொண்டார்.

"எனக்கு வேற தருவாங்கன்னு நெனச்சேன். இல்லன்னு தெரிஞ்சப்புறம் சொல்ல வாய் வரல. என் தம்பி பல்லு புடுங்கி ஒம்பதாம் நாள் கழுத்து வீங்கிச் செத்தான். காலையில இவ அந்த மாத்திரையக் கேட்டதுக்கு இல்லன்னுட்டாங்க. அதான் எடுத்து இவ கோட்டுப் பையில போட்டேன். எனக்கு எழுபத்தொண்ணு. இவளுக்கு முப்பத்திரண்டு."

"அவங்க உடம்பு நல்லாயிருக்கு, சீழும் இல்ல. அவங்களுக்கு இது தேவையில்ல," என்றார் பிரிடி. "உங்களுக்குத்தான் அது உயிர்."

டாம்சி தன் கோட்டுப் பையைத் துழாவினாள். உறை அங்கே இருந்தது, அவளுக்கே தெரியாமல். பஞ்சைத் துப்பிவிட்டு நான்கையும் அவர் உள்ளங்கையில் கொட்டினாள்.

12.19. அவர் விழுங்கினார்.

"வாயத் தெற," என்றாள் டாம்சி, ரத்தம் வழியும் உதட்டோடு. "நாக்கைத் தூக்கு."

தூக்கினார். அடியில் எதுவும் இல்லை.