ஒன்பதும் இருபத்திரண்டும்

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறில் குளிர்நாட்டு நகரான பிரெடெரிசியாவில் நம்மவர் வீடுகள் மொத்தம் பதினொன்று. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் பத்து வீட்டுக்கும் பசிக்கும். யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை, திறந்துகொண்டு போவார்கள். இன்று மணியடித்துவிட்டு வாசலில் காத்து நிற்கும்போதெல்லாம் பாலேந்திராவுக்கு அந்த நாட்கள் ஞாபகம் வரும், கூடவே நேசரட்ணத்தாரும் வருவார்.

நேசரட்ணம் கொழும்பில் அரச பரிசோதனைக்கூடத்தில் பதினேழு வருடம் துப்பாக்கிக் குண்டுகளை ஆராய்ந்தவர். இங்கே தொழிற்சாலையில் பிஸ்கட் அடுக்கினார். ஒரே அறையில் அவரோடு குடியிருந்த பாலேந்திரா தன்னைத்தானே உதவியாளனாக நியமித்துக்கொண்டு, கையில் எப்போதும் ஒரு கொப்பியோடு அலைந்தான்.

கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை பின்னேரம், அருள்நேசனின் மனைவி கிருபாமலர் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

“அண்ணை, இவரைக் காப்பாத்துங்கோ. இவர் துப்புரவு வேலை செய்யிற சுடுற கிளப்பில ஒரு பிஸ்டல் காணேல்லையாம். அதுவும் அங்க இருக்கிறதுக்குள்ள ஆகச் சக்தியானது. பூட்டின அலுமாரியின்ர திறப்பு, கூட்டுற தும்புத்தடி வைக்கிற அறையிலதான் தொங்கிறது. அது தெரிஞ்ச வேலையாள் இவர்தானே எண்டு நினைக்கினம்.”

“பொலிசுக்குச் சொல்லிப்போட்டினமோ?”

“திங்கக்கிழமை மட்டும் பொறுக்கிறாராம் தலைவர். பொலிஸ் வந்தா எங்கட அகதி விண்ணப்பம் அவ்வளவுதான், அண்ணை. ரெண்டு பிள்ளையளோட எங்க போறது?”

“நாளைக்குப் போய்ப் பாக்கிறன் பிள்ளை. முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ,” என்றார் நேசரட்ணம்.

மறுநாள் காலை கிளப்பின் தலைவர் யென்சன் கதவைத் திறந்துவிட்டார். நெடுத்த மனிதர், நல்லவர். அருள்நேசன்மேல் பழி போடவேண்டி வந்ததில் அவருக்கே சங்கடம். நேசரட்ணத்தோடு ஆங்கிலத்தில் பேசினார்.

“புதன் மாலை அருள்நேசன் தரையை மினுக்கிவிட்டுப் போனார். வியாழன் காலை நான் வந்தபோது பிஸ்டல் இல்லை. உடனே கிளப்பைப் பூட்டிவிட்டேன், அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.”

புதன் முழுவதும் மழை. வாசலுக்கு வெளியே பாதை சேறாகக் கிடந்தது. மெழுகிட்ட தரையிலோ யென்சனின் சப்பாத்துத் தடம் மட்டும் அலுமாரி வரை போய்த் திரும்பியிருந்தது.

“இங்கே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வருவீர்களா?” என்று கேட்டார் நேசரட்ணம்.

“வீட்டில் கழற்றுவோம். இங்கே எதற்கு?”

பாலேந்திரா அவசரமாக எழுதினான். “அப்ப எடுத்த ஆள் செருப்பை வாசல்ல விட்டிட்டு வந்திருக்கு. எங்கட ஆள்தான், அண்ணை!” சொன்ன பிறகுதான் அது அருள்நேசன் கழுத்துக்கே கயிறு என்று அவனுக்கு உறைத்தது. கொப்பியை மூடினான்.

மூலையில் ஊறிச் சுருங்கிய பழைய தொலைபேசிப் புத்தகங்கள் குவிந்திருந்தன. யென்சன் சிரித்தார்.

“தற்காப்புக்கு எந்தத் துப்பாக்கி நல்லது என்று வெள்ளிக்கிழமைதோறும் வாக்குவாதம். போன மாதம் புத்தகங்களைத் தண்ணீரில் ஊறவைத்து, வரிசையாக அடுக்கிச் சுட்டுப் பார்த்தோம். இருபத்திரண்டு ரகக் குண்டு இரண்டாம் புத்தகத்தில் நின்றது, ஏழு புள்ளி அறுபத்தைந்து மூன்றாவதில். ஒன்பது ஐந்தாவதையும் தாண்டியது. பக்கம் எண்ணியது அருள்நேசன்தான்.”

நேசரட்ணம் அலுமாரியைப் பார்த்தார். மூன்று தட்டுகளில் 7,65 என்றும் 9 என்றும் 22 என்றும் பித்தளைத் தகடுகள். வெறுமையாக இருந்தது 22.

“எது காணாமற்போனது என்று யாரிடமாவது சொன்னீர்களா?”

“ஒரு பிஸ்டல் என்று மட்டும்தான் அருள்நேசனிடம் சொன்னேன்.”

“சரி. எங்களோடு ஒரு வீட்டுக்கு வாருங்கள். ஆள் தானாக உங்களிடம் தருவார். தந்தால் பொலிஸ் வேண்டாமே?”

யென்சன் சற்று யோசித்துத் தலையசைத்தார்.

அருள்நேசன் வீட்டு முன் ஜன்னலில் கண்ணாடி இல்லை, மட்டை ஒட்டியிருந்தது. இரண்டு கிழமைக்கு முன் யாரோ கல்லெறிந்த ஜன்னல் அது. கிருபாமலர் தேநீர் கொண்டுவந்தாள்.

“அருள்நேசன், தற்காப்புக்கு எண்டா நீர் எதை எடுப்பீர்?” என்றார் நேசரட்ணம்.

“இதென்ன கேள்வி அண்ணை? ஒன்பதுதான். இருபத்திரண்டு பழகிறதுக்குத்தான் சரி. ஒன்பதின்ர குண்டு அதைவிடக் கிட்டத்தட்ட மூண்டு மடங்கு பாரம்.”

“எடுத்த ஆள் ஒன்பதைத் தொடேல்லை. இருபத்திரண்டைத்தான் கொண்டுபோனது. அப்ப அது நீரில்லை. இருபத்திரண்டு அங்குலக் கணக்கு, நூறில இருபத்திரண்டு பங்கு, ஆறு மில்லிமீற்றர்கூட வராது. ஒன்பது மில்லிமீற்றர். அது தெரியாத ஆளுக்கு இருபத்திரண்டு ஒன்பதைவிடப் பெரிசுதானே? செருப்பைக் கழட்டிப்போட்டு வாற ஆள், திறப்பு இருக்கிற இடம் தெரிஞ்ச ஆள், துவக்கைப் பற்றி ஒண்டும் தெரியாத ஆள்.” குரலைத் தாழ்த்தினார். “பிள்ளை, ஆகச் சக்தியானது போயிட்டுதெண்டு நேற்றுச் சொன்னீர். எது போனதெண்டு தலைவர் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே?”

கிருபாமலர் அடுக்களைக்குப் போனாள். அரிசி வாளிக்குள்ளிருந்து துணிச்சுற்று ஒன்றை எடுத்துவந்து யென்சன் முன்னால் வைத்தாள்.

“புதன்கிழமை கிளப்புக்கு இவருக்குச் சாப்பாடு கொண்டுபோனனான். இவர் தரையை மினுக்கி முடிச்சுக் குப்பை கொட்டப் போன நேரம் எடுத்தனான். அடுத்த கல்லு தொட்டில்ல விழுந்தா? கண்ணாடி போட்டவுடன திருப்பி வைப்பம் எண்டுதான். இவரைப் பிடிப்பினம் எண்டு நினைக்கேல்லை. இவருக்குச் சொல்லப் பயந்துதான் உங்களிட்ட ஓடி வந்தனான்.”

அருள்நேசன் அவள் பக்கம் திரும்பினார். “என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?”

“நீர் கேட்டனீரோ?” என்றார் நேசரட்ணம். “கிளப்பில கிழமைக்குக் கிழமை தற்காப்பைப் பற்றிக் கதைச்சீர். வீட்டில ஒருநாள், பயமாயிருக்கோ எண்டு கேட்டனீரோ?”

அருள்நேசனின் பார்வை ஜன்னல் மட்டைக்குப் போனது. பாலேந்திராவுக்கும் சுருக்கென்றது. ஒட்டிய மட்டையைத் தினமும் பார்த்துக்கொண்டு போனவர்களில் அவனும் ஒருவன்.

நேசரட்ணம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் யென்சன் பிஸ்டலைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு தோட்டாவும் இல்லை. தோட்டாக்கள் எப்போதும் வேறு பெட்டியில்தான் இருக்கும்.

“இதை வைத்துக்கொண்டா மூன்று இரவு தூங்கினீர்கள்?”

நேசரட்ணம் கேள்வியைத் தமிழில் சொன்னார்.

“நித்திரை கொள்ளேல்லை,” என்றாள் கிருபாமலர்.

யென்சன் பிஸ்டலைப் பைக்குள் வைத்தார். சட்டைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து ஜன்னலடிக்குப் போனார். மட்டையைக் கழற்றி அளந்து, பாலேந்திராவின் கொப்பியை வாங்கி, மில்லிமீற்றரில் குறித்துக்கொண்டார். மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து அருள்நேசன் குடும்பம் திரும்பியபோது மனிதர் புதுக் கண்ணாடியோடு வாசலில் நின்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கிளப்பில் வழக்கம்போல வாக்குவாதம் தொடங்கியது. அருள்நேசன் தரையைத் துடைத்து முடித்ததும் நேரே வீட்டுக்குப் போனார்.