முதல் மிடறு யாருக்கு?

ஜூன் 14, சனிக்கிழமை. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. பெரு நாட்டு மலைநகரான ஹுவாராஸின் கூரைகளில் உறைபனி படிந்திருந்தது.

"ஐயோ...!"

லிமாவிலிருந்து இரவு முழுவதும் மலையேறி வந்த பேருந்து, நிலையத்துக்குள் நுழைந்த கணத்தில் அந்த அலறல் எழுந்தது!

அலறியவள் பேருந்தின் பணிப்பெண். அவளுடைய விரல் பதினான்காம் இருக்கையைச் சுட்டியது. அங்கே கம்பளிக்குள் தலை தொங்கிய நிலையில் தியோஃபிலோ அமர்ந்திருந்தான். அசைவில்லை.

"மூச்சே இல்லைங்க!"

"யாரும் தொடாதீங்க! போலீஸ் வர்ற வரைக்கும் ஒருத்தரும் இறங்கக் கூடாது!" ஓட்டுநர் கதவை அடைத்தார்.

அடுத்த இருக்கையில் அபெலார்தோ. தியோஃபிலோவின் மலையேற்றத் தோழன். அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

இறந்துவிட்டான்...! நான்தான் கொன்றேன்...!

ஓராண்டுக்கு முன்னர் மூன்று நண்பர்கள் ஒரு பனிச்சிகரம் ஏறினர். தியோஃபிலோ மூடுபனிக்குள் முன்னே சென்றுவிட்டான். பின்னால் ஒரே கயிற்றில் பிணைந்திருந்த இருவருள் ரூஃபோ வழுக்கினான். அவனுடைய எடை அபெலார்தோவையும் பள்ளத்தை நோக்கி இழுத்தது.

அபெலார்தோ கத்தியை எடுத்தான்... கயிற்றை அறுத்தான்!

பாறையில் உரசிக் கயிறு அறுந்தது என்றே உலகம் நம்பியது. தியோஃபிலோவும் நம்பினான், அக்கயிற்றின் நுனியைச் சென்ற வாரம் உற்றுநோக்கும் வரை.

"உரசி அறுந்தா நார் நாராப் பிஞ்சிருக்கும் மச்சான். இது ஒரே வெட்டு. ஹுவாராஸ்ல ரூஃபோ பொண்டாட்டி இருக்கா. அவ மூஞ்சியப் பார்த்து நீயே சொல்லு. இல்லன்னா நான் சொல்லுவேன்."

"வர்றேன்டா" என்றான் அபெலார்தோ.

வந்தான். ஒரு ஃபிளாஸ்க் நிறையக் கோகா இலைத் தேநீரோடு வந்தான். உயரம் ஏறுவோரின் தலைசுற்றலுக்கு அதுவே மருந்து. எனினும் அதனுள் இருபது தூக்க மாத்திரைகளின் தூள்...!

இன்ஸ்பெக்டர் நில்டா பேருந்தினுள் ஏறினார்.

"இவரு உங்க கூட்டாளியா?"

"ஆ... ஆமா மேடம்."

"குளிர்ல எனக்குப் பல்லு கிட்டுது. உங்களுக்கு வேர்க்குதே?"

"மலைக்காத்து ஒத்துக்கல..."

"அப்போ தேத்தண்ணி குடிக்க வேண்டியதுதானே? ஃபிளாஸ்க் காலடியிலயே கெடக்கு!"

"அது... அது என்னுது இல்ல! யாருதுன்னே தெரியாது!"

நில்டா பணிப்பெண்ணை நோக்கித் திரும்பினார். "கிளம்பும்போது எடுத்த படத்தப் போடும்மா."

பேருந்து புறப்படுமுன் ஒவ்வொரு பயணியையும் இருக்கையிலேயே படம்பிடிப்பது வழக்கம். அபெலார்தோ அதை எத்தனையோ முறை கண்டவன். ஆதலால் அதனை மறந்தே போனவன்.

சின்னஞ்சிறு திரையில் அபெலார்தோ சிரித்தான். அவன் மடியில்... அதே சிவப்பு ஃபிளாஸ்க்!

"நல்லாத்தான் போஸ் குடுத்திருக்கீங்க" என்றார் நில்டா.

அபெலார்தோ முழந்தாளிட்டு விழுந்தான்.

"நான்தான் மேடம்! இருபது மாத்திரை கலந்தேன்! அவன் ஃபிளாஸ்க்கத் திறந்தப்போ பாக்குற தைரியம்கூட இல்ல... கண்ண மூடிக்கிட்டேன். ரூஃபோவையும் நான்தான்... கயித்த நான்தான் அறுத்தேன்! விழும்போது என்னைத் திட்டல மேடம். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான்... அது காதைவிட்டுப் போகவே மாட்டேங்குது!"

நில்டா பதினான்காம் இருக்கைப் பக்கம் திரும்பினார்.

"போதும். தியோஃபிலோ, எந்திரிங்க. கழுத்து சுளுக்கிக்கப் போகுது!"

பிணம் நிமிர்ந்து அமர்ந்தது!

"டேய்... நீ குடிச்சியே...!"

"நீதான் கண்ண மூடிக்கிட்டியே மச்சான், ஃபிளாஸ்க்கோட நான் இறங்கினது எப்படித் தெரியும்? கொனோகோச்சா ஏரிகிட்ட பஸ் நின்னுச்சு. மலைக்குள்ள நுழையும்போது முதல் மிடறு பூமித்தாய்க்கு ஊத்தணும்ல? இறங்கி ஊத்தினேன். ரூஃபோ நினைப்பு வந்துச்சு, அவன் பங்கையும் ஊத்தினேன். அப்புறம் உன் பங்கு... உன்னை மன்னிக்கச் சொல்லி அந்தத் தாய்கிட்டக் கேட்டு."

அபெலார்தோ தலைகுனிந்தான்.

"பார்த்தா அடியில வெள்ளையா வண்டல்! கோகா இலைய மெல்லும்போதுதான் சுண்ணாம்பு சேர்ப்பாங்க, தேத்தண்ணியில ஏதுடா? அதுக்குள்ள கீழ சிந்தினத நக்கின நாய் சாஞ்சிருச்சு."

"நாயும்... செத்துப்போச்சா?"

"குறட்டை விடுதாம். ஏரிக்கரை டீக்கடைக்காரர் ஃபோன் பண்ணாரு."

அங்கிருந்தே காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பியவள் பணிப்பெண்.

"நான் சரியாக் கத்துனேனா மேடம்?"

"எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சும்மா!"

அபெலார்தோ தன் இரு கைகளையும் தானே நீட்டினான்.

"ரூஃபோ வீட்டு வழியாக் கூட்டிட்டுப் போங்க மேடம். அவன் பொண்டாட்டி கதவச் சாத்தினாலும் பரவாயில்ல. நானே சொல்லிடறேன்."

தியோஃபிலோ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

உடன் வந்த கான்ஸ்டபிள் பேனாவைத் திறந்தார். "கைது பண்ண நேரம் என்னன்னு போடட்டும் மேடம்?"

"காலை ஆறு பதினேழு." நில்டா விலங்கைப் பூட்டினார். "அப்படியே நகராட்சிக்கும் ஒரு தகவல் குடுத்துருய்யா. பூமித்தாய் இருபது தூக்க மாத்திரை சாப்பிட்டிருக்கா... இந்த மாசம் நிலநடுக்கம் வராது!"