எட்டாம் வகுப்புக் கட்டில் ஒன்பது குறைவு

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எட்டாம் வகுப்பு விடைத்தாள் கட்டைப் பிரித்தார்கள். ஒன்பது பிள்ளைகளின் தாள் இல்லை. பதினொன்று அடிப்பதற்குள் சூளைமேட்டு நடுநிலைப்பள்ளி வாசலில் கூட்டம் நெரிந்தது. அந்த ஒன்பது பேருமே பீங்கான் சூளையில் கூலி வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள்.

ஏட்டு சாமிதுரை சைக்கிளைச் சுவரில் சாத்தினார். கூட்டத்தைக் கலைக்கத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். துப்புத் துலக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் அவருக்கு யார் பேச்சிலும் நம்பிக்கை கிடையாது. சிரிக்கிறவனைச் சந்தேகப்படுவார். அழுகிறவனை அதைவிட அதிகமாகச் சந்தேகப்படுவார்.

சூளையில் தீப்போடும் கொளஞ்சி குறுக்கே வந்தான். பின்னால் அவன் மகள் ஆண்டாள்.

"ஏட்டய்யா, எம் பொண்ணு பரீட்ச எழுதுச்சுங்க. தேறலன்னா அடுத்த மாசம் எங்கூட மண்ணு சொமக்க வரட்டும்னு அவ ஆத்தா சொல்லிட்டா. எங்க ஆச பச்ச மண்ணுங்க. ஈரத்துல பெருசாத் தெரியுது, காஞ்சா சுருங்கிப்புடுது."

"வழி வுடுய்யா. வசனம் பேசற நேரமா இது? ஏம்மா, கணக்குல கடைசிக் கேள்வி என்ன?"

"வட்டக் கெணத்தோட பரப்பு கேட்டாங்க" என்றாள் ஆண்டாள். "விட்டத்தப் பாதியாக்காமப் போட்டுட்டு, அப்பறம் அடிச்சுத் திருத்துனேன்."

சாமிதுரை உள்ளே போனார்.

தலைமை ஆசிரியர் ராஜமாணிக்கம் நாற்காலியில் இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம், இங்கே வந்து மூன்று மாதம். எதிரே கல்வித்துறை டெபுடி இன்ஸ்பெக்டர் விசிறிக்கொண்டிருந்தார். சுவரோரம் அன்னமேரி டீச்சர் முகம் வெளுத்து நின்றார்.

மேசையில் மூன்று கட்டுகள். ஆறு, ஏழு, எட்டு. இந்தப் பள்ளியில் அரக்கு வைப்பதில்லை. அரக்குக்குச் சர்க்கார் காசு வருவதற்குள் படிக்கிற பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும். சூளையில் கேட்டால் வெள்ளைக் களிமண் சும்மா கிடைக்கும். முடிச்சின்மேல் ஓர் உருண்டையை அப்பி, பித்தளை முத்திரையை அழுத்திவிடுவார்கள். இப்போது கயிறுகள் முடிச்சுக்குப் பக்கத்தில் வெட்டப்பட்டிருந்தன. முத்திரைகளில் கீறல் இல்லை.

"தொடாதீங்க ஏட்டு, சாட்சியப் பொருள்" என்றார் தலைமை ஆசிரியர்.

"தொடல. கட்டுனது யாரு?"

"நான்தாங்க" என்றார் அன்னமேரி. "வெள்ளிக்கிழம சாயங்காலம் மூணு கட்டையும் எண்ணித்தான் கட்டினேன். உடனே சார் முத்திர வெச்சாரு."

"பீரோச் சாவி?"

"எங்கிட்டத்தான்" என்றார் ராஜமாணிக்கம். "முத்திரையும் எங்கிட்டத்தான். வெள்ளிக்கிழமை ராத்திரியே ஊருக்குப் போயிட்டேன். இன்னிக்கு விடிகாலை ரயில்லதான் வந்தேன். முத்திரை உடையாம தாள் எப்படிப் போகும்? அந்தப் பிள்ளைங்க பரீட்சைக்கு வரவே இல்லை. டீச்சர் இரக்கப்பட்டு வந்ததாப் போட்டுட்டாங்க."

"மாதா சத்தியமா வந்தாங்க!"

"ஸ்டேஷனுக்கு வந்து பாருங்க டீச்சர், சத்தியம் கூடை கூடையா கெடக்குது" என்றார் சாமிதுரை.

டெபுடி விசிறியை மடக்கினார். "தலைமை ஆசிரியர் சொல்றது உண்மைன்னா டீச்சர் இன்னிக்கே சஸ்பெண்ட்."

"சார், ஒன்பது பேரு வரலன்னா ஸ்கூலுக்கு லாபமா, நஷ்டமா?"

டெபுடி யோசித்தார். "வராதவங்க கணக்கில வரமாட்டாங்க. எழுதினவங்கள்ல நூத்துக்கு எண்பது தேறினா இதை உயர்நிலைப்பள்ளி ஆக்கச் சிபாரிசு பண்ணலாம். போன வருஷம் பாதிகூடத் தேறலை."

"எப்படித் தேறும்?" ராஜமாணிக்கத்தின் குரல் உயர்ந்தது. "சூளை எரியற மாசம் பூரா அதுங்க மண்ணு சொமக்கப் போயிடுது. அதுங்களை வெச்சுக்கிட்டு..." பாதியில் நிறுத்தினார். கால், நாற்காலிக்கு அடியிலிருந்த சாப்பாட்டுப் பையை உள்ளே தள்ளியது.

சாமிதுரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். ஆறாம் வகுப்பு முத்திரையின் எழுத்தைப் படிக்கக் கண்ணாடி வேண்டியிருந்தது. ஏழாம் வகுப்புக்கும் அப்படியே. எட்டாம் வகுப்பு முத்திரையைக் கண்ணாடி இல்லாமலே படித்தார்.

நிமிர்ந்தார். "அந்தப் பித்தளையக் கொஞ்சம் குடுங்க சார்."

"எதுக்கு?"

"குடுங்களேன். திங்கவா போறேன்?"

வாங்கி, ஆறாம் வகுப்பு முத்திரையின் பள்ளத்தில் வைத்தார். இறங்கவில்லை, பித்தளை பெரியது, பள்ளம் சின்னது. ஏழாம் வகுப்பிலும் இறங்கவில்லை. எட்டாம் வகுப்பில் வைத்தார். உறைக்குள் கத்தி போல இறங்கியது. தூக்கினார். களிமண் பிசுக்கென்று கூடவே வந்தது. மேலே தூவியிருந்த சாக்பீஸ் பொடி மேசையில் உதிர்ந்தது.

ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த கொளஞ்சி, "அட, இது பச்ச மண்ணு!" என்று கத்தினான்.

"களிமண்ணு காஞ்சா சுருங்கும்" என்றார் சாமிதுரை. "இந்த ஊர்ல பொம்ம பண்ணி வெளையாடுன பிள்ளைக்கும் தெரியும். தஞ்சாவூர்க்காரருக்குத் தெரியல. வெள்ளிக்கிழம வெச்ச ரெண்டும் காஞ்சு சின்னதாயிடுச்சு. இது அச்சு அளவுலயே இருக்குது. அப்ப, இன்னிக்குக் காலையில வெச்சது. அச்சும் சாவியும் ஒரே ஆளுகிட்ட. அந்த ஆளு ரயில விட்டு எறங்குனதும் இன்னிக்கு விடிகாலையிலதான். பொடி தூவிட்டா ஈரம் போயிடுமா சார்? அதான் தொடாதீங்கன்னீங்க. கால எடுங்க, அந்தப் பையப் பாக்கணும்."

பையில் தயிர்சாதத்துக்கு அடியில் ஒன்பது பேரின் தாள்களும் மடிந்து கிடந்தன. அன்னமேரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கொளுத்திடலாம்னுதான்... அதுக்குள்ள டெபுடி சார் வந்துட்டாரு" என்றார் ராஜமாணிக்கம். "பள்ளிக்கூடம் பெரிசாகணும்னுதானே செஞ்சேன்."

"எந்தப் பிள்ள தேறாதுன்னு எப்புடிக் கண்டுபுடிச்சீங்க?"

"சூளை லைன் வீட்டுப் பிள்ளைங்க தாளை எடுத்தேன்."

டெபுடி மேலே இருந்த கணக்குத் தாளைப் புரட்டினார். பக்கம் போகப் போகப் புரட்டுவது மெதுவானது. கடைசிப் பக்கத்தில் வட்டக் கிணறு. ஒரு வரி அடித்துத் திருத்தியிருந்தது. "ஒரு கணக்குகூடத் தப்பில்லை" என்றார். அடுத்த தாளையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது தேறாது. ஆனா முதல் தாள்... யாருய்யா இந்த ஆண்டாள்?"

சாமிதுரை தலைமை ஆசிரியரைப் பார்த்தார். "படிச்சுப் பாத்துட்டாவது திருடியிருக்கலாமே சார்."

அன்னமேரி கட்டை மறுபடி எண்ணிக் கட்டினார். டெபுடி புது மண்ணில் முத்திரை வைத்தார். அது காயும்வரை யாரும் அறையை விட்டு நகரக்கூடாது என்று சாமிதுரை கதவை மறித்து நின்றுகொண்டார். டெபுடியும் நகரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே கொளஞ்சி இன்னும் கம்பியை விடவில்லை. "ஏட்டய்யா... எம் பொண்ணு?"

"மண்ணு சொமக்க வேற ஆளப் பாத்துக்க" என்றார் சாமிதுரை.