ஊறுகாய் ஜாடியில் தங்கம்

கூடத்தில் நாலு பேர், திரைக்குப் பின்னால் ஒருவர்.

வீட்டுக்காரர் காதர் பாட்சா மரைக்காயர். அடுப்படியை ஒட்டிய திரைக்குப் பின்னால் அவர் மனைவி ஆஸியா பீவி. சுங்க இன்ஸ்பெக்டர் திருஞானசம்பந்தம். அவன் நாகப்பட்டினத்திலிருந்து கையோடு கூட்டி வந்த சாட்சி சோமு. காரைக்கால் போலீஸ்காரர் மருதையன்.

"கடத்தல் தங்கம்... உங்க வீட்டு ஊறுகாய் ஜாடியில."

எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு கட்டியைத் தூக்கிக் காட்டினான் இன்ஸ்பெக்டர்.

மரைக்காயர் அவனை உட்காரச் சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் நாற்காலியைக் கழுவ வேண்டும். பிரெஞ்சுக்காரன் போய் இரண்டு வருஷம் ஆகவில்லை. அதற்குள் எப்படிப்பட்டதெல்லாம் வாசல்படி ஏறுகிறது!

வெள்ளிக்கிழமை மகள் ஆரிபாவுக்கு நிக்காஹ். கடத்தல்காரன் வீட்டுப் பெண் வேண்டாமென்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டால்...? நாலு தலைமுறையாகக் கப்பல் ஓட்டிய பெயர் ஒரு ஜாடியோடு போய்விடும்.

"சோதனைக்கு முன்னாடி உங்க பையைக் காட்டுங்கன்னேன். காட்டல. சாட்சிக்கு உள்ளூர்ப் பெரிய மனுஷங்களைக் கூப்பிடுங்கன்னேன். இந்த மூஞ்சியக் கூட்டியாந்திருக்கீங்க."

சோமு தன் மூஞ்சியைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"எனக்கே சட்டமா?" இன்ஸ்பெக்டர் சிரித்தான். "ஹைகோர்ட்டே சொல்லியாச்சு மரைக்காயரே. சோதனை முறைகேடா இருந்தாலும் கெடச்ச பொருள் சாட்சியம்தான். தள்ள முடியாது."

"அப்படியா சொல்லியிருக்கு?"

"அப்படியேதான்."

"மருதையா, கேட்டுக்கிட்டியா?"

"கேட்டுக்கிட்டேங்க."

திரை விலகியது. அந்நிய ஆணின் எதிரே வந்தறியாத ஆஸியா பீவி, ஒரு கையால் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி வெளியே வந்தார்.

"பொம்பளைங்க திரைக்குப் பின்னால போங்கன்னு பெரிய மரியாதையா அனுப்புனாரு. திரைக்குப் பின்னால இருக்குறவளுக்கும் கண்ணு உண்டுல்ல? அடுப்படியில இவருதாங்க தொப்பிக்குள்ளேர்ந்து எடுத்து ஜாடியில போட்டாரு. இன்னொண்ணு தொப்பிக்குள்ளயே கெடக்கு. கொல்லையில போட வச்சிருக்காரு போல."

இன்ஸ்பெக்டரின் கை தலைக்குப் போவதற்குள் தொப்பி பறந்தது.

டங்...

அதே அளவு. அதே முத்திரை. இதில் எண்ணெய் மட்டும் இல்லை.

சோமு வாசலைப் பார்த்தான். வாசலில் மருதையன் நின்றார்.

"உத்தரவு இல்லாம என்னையே சோதனை போடுறீங்களா? இது முறைகேடு!"

"முறைகேடுதான்." மரைக்காயர் முதன்முறையாக நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க. மருதையன் எழுதிக்கட்டும். கெடச்ச பொருளைத் தள்ள முடியாதுல்ல?"

வெள்ளிக்கிழமை நிக்காஹ் குறையில்லாமல் நடந்தது.

ஆஸியா பீவி இன்ஸ்பெக்டரைக் கைநீட்டி அறைந்ததாக அம்பகரத்தூர் வரைக்கும் பேசிக்கொள்கிறார்கள். சுத்தப் பொய். அந்தக் குடும்பத்துப் பெண்கள் கண்டவனையும் கையால் தொடமாட்டார்கள்.

அது விளக்குமாறு.