காலி வண்டி, ஐந்தாம் மைல்

மலைச்சாலை தொடங்கும் இடத்தில், பூஜ்யம் என்று எழுதிய பலகைக்குப் பக்கத்தில், வெண்டெல் தன் பழைய பிக்கப்பை நிறுத்தினான். விடிந்து நேரமாகியும் வெளிச்சம் வந்த பாடில்லை. வடக்கு இடாஹோவில் அக்டோபர் மூடுபனி வந்தால் இப்படித்தான். தேவதாரு மரங்களின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. ஈர மண்ணும் பழைய டீசலும் கலந்து வாடை அடித்தது.

பக்கத்தில் அவன் மனைவி ரோவீனா மடியில் தெர்மாஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினாலாம் மைலில் மரம் வெட்டுகிறவர்களின் முகாமில் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்திருந்தது. இன்றுதான் முதல் நாள்.

"மைக்க எடுத்துச் சொல்லேன்," என்றாள்.

"யாருக்குச் சொல்லணும்? பனிக்கா?"

அந்தச் சாலையில் ஒரு வண்டிதான் போகலாம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மேலிருந்து மரம் ஏற்றி இறங்கும் லாரி நினைத்த இடத்தில் நிற்காது. அதனால் யாராக இருந்தாலும் ஒவ்வொரு மைல் பலகையிலும் ரேடியோவில் குரல் கொடுத்தாக வேண்டும். மரத்தோடு இறங்குகிறவன் 'லோடு' என்பான், மற்றவன் 'காலி' என்பான், கூடவே மைலையும் சொல்வான். லோடு வருகிறது என்று கேட்டால் காலி வண்டி அடுத்த ஒதுங்குமிடத்தில் நுழைந்து காத்திருக்கும். குரல் கேட்காத வண்டி அந்த மலையில் இல்லாத வண்டிதான்.

இந்த உலகத்தில் மதிக்கத் தகுந்த மனிதன் என்று வெண்டெலுக்கு ஒருவன்தான் இருந்தான். அவனைத் தினமும் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் பார்த்துக்கொள்வான். மற்றவர்கள் எல்லாம் அரைவேக்காடு.

சனிக்கிழமை இந்த வண்டியில் அவனே ரேடியோ மாட்டினான். எஞ்சின் தடுப்பில் துளை போட்டு, பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்தான். அதுவரை குறை சொல்ல முடியாது. ஆன்டெனாவுக்கு வந்தபோதுதான் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. பின்னாலிருந்த கருவிப்பெட்டியின் மூடிமேல், பெயிண்டில் கீறல் விழக் கூடாதென்று ரப்பர் வாஷர் வைத்து அதை முடுக்கினான். இத்தனைக்கும் அந்த வண்டியில் பெயிண்டைவிடத் துருதான் அதிகம். ரோவீனா ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

ரேடியோ கடை மெல்வின் அந்த வழியாகப் போனவர் நின்று பார்த்தார்.

"பெயிண்டச் சுரண்டணும், வெண்டெல். ஆன்டெனாவோட கால் வெறும் இரும்புல உக்காரணும். இல்லேன்னா ஊர் பேசறது உனக்குக் கேக்கும், நீ பேசறது ஒருத்தனுக்கும் கேக்காது."

"ஓஹோ. ரேடியோ விக்கறவன்லாம் எஞ்சினியர் ஆயிட்டானா?"

"பழைய வண்டிப்பா. துரு எங்க உள்ள ஓடியிருக்குன்னு வெளிய தெரியாது. மீட்டர மாட்டி ஒரு நிமிஷம் பாத்துடறேன்."

"உன் மீட்டரக் கொண்டு போய் உன் மாமியாருக்கு ஜுரம் பாரு."

மெல்வின் ரோவீனாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அவளைக் கண்டவர்கள் எல்லாருமே அப்படிப் பரிதாபப்பட்டுத்தான் பார்ப்பார்கள். வெண்டெல் ரேடியோவைத் திருகினான். நெடுஞ்சாலை டிரைவர்களின் அரட்டை கணீரென்று கேட்டது.

"கேக்குதா?"

"அவங்க பேசறது கேக்குது. நாம பேசறது?"

"காதுன்னு ஒண்ணு இருந்தா வாயும் இருக்கும்," என்று வேலையை முடித்துவிட்டான்.

இப்போது வண்டி ஏற ஆரம்பித்தது.

"காலி, ஒண்ணாம் மைல்," என்றான் மைக்கில். "மகாராஜா வர்றார், ஒதுங்குங்க எல்லாரும்."

யாரும் பதில் சொல்லவில்லை. முகாமில் யாரோ இருவர் காபி தீர்ந்துபோனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. இரண்டாம் மைலிலும் அதே கதைதான்.

மூன்றாம் மைலில் ஒரு குரல் வந்தது.

"காலி வண்டி, நீ பேசறது கேக்குது." கரகரப்பான, நிதானமான குரல். "நாலுல ஒதுங்கு. நான் லோடு. எட்டுல வரேன்."

"பாத்தியா?" வெண்டெல் ஸ்டியரிங்கைத் தட்டினான். "அந்த மெல்வினக் கூட்டிட்டு வா, கேக்கட்டும்."

நான்காம் மைலில் ஒதுங்கி எஞ்சினை அணைத்தான். மரங்களிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"லோடு, ஏழு."

"லோடு, ஆறு."

குரலில் அவசரம் ஏறியது.

"லோடு, அஞ்சு. பிரேக் பிடிக்கல."

மேலே எங்கோ ஓர் உறுமல் கிளம்பியது. சங்கிலிகள் மரத்தில் மோதும் சத்தத்தோடு அது வளைவுக்கு வளைவு பெரிதாகிக்கொண்டே வந்தது. ரோவீனா கதவின் கைப்பிடியை இறுகப் பற்றினாள்.

சத்தம் அவர்களைக் கடந்தது.

பிக்கப் குலுங்கியது. தீய்ந்த பிரேக்கின் நாற்றமும், அப்போதுதான் அறுத்த தேவதாருவின் வாசனையும் உள்ளே நிறைந்தன.

சாலையில் எதுவும் போகவில்லை. எதிரே பனி அசையக்கூட இல்லை.

"எவனோ விளையாடறான்," என்றான் வெண்டெல். சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினான்.

முகாமில் லாரிகள் எல்லாம் மரம் ஏற்றியபடி வரிசையாக நின்றன. ஐவர் என்கிற முகாம் மேஸ்திரி சமையல் கூடாரத்திலிருந்து ஓடி வந்தார்.

"ஒரு வார்த்தை கூப்பிடாம எப்படி ஏறி வந்தீங்க?"

"கூப்பிடலையா? மைலுக்கு மைல் கத்திட்டு வரேன். உங்க காதுல என்ன, பிசினா?"

ஐவர் வெண்டெலின் மைக்கை எடுத்துப் பேசிப் பார்த்தார். பத்தடி தள்ளி நின்ற அவருடைய வண்டியின் ரேடியோ வாய் திறக்கவில்லை.

"உங்க குரல் இந்த வண்டியத் தாண்டல," என்றார்.

"நாலுல ஒதுங்கச் சொன்னாரே ஒருத்தர்," என்றாள் ரோவீனா. "லோடுன்னாரு. பிரேக் பிடிக்கலன்னாரு."

"பனிக்காக இன்னைக்கு ஒரு லோடும் நான் இறக்கல, ரோவீனா." மைக்கைத் திரும்ப மாட்டினார். "குரல் கரகரன்னு இருந்துச்சா?"

"ஆமா."

ஐவர் தொப்பியைக் கழற்றினார். "ஓரின். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி லோடோட இறங்கறப்ப அவருக்கு பிரேக் போயிடுச்சு. அஞ்சாம் மைல்ல எதுத்தாப்ல ஒரு காலி வண்டி, உள்ள குழந்தைங்க. ரேடியோ சரியில்ல, அவங்க கூப்பிட்டது யாருக்கும் கேக்கல. அவங்க மேல ஏத்தாம ஓரின் லாரியப் பள்ளத்துல விட்டுச் செத்துப்போனாரு. அதுலேந்து யாருக்கும் கேக்காத ரேடியோ அவருக்குக் கேக்குது. ஒதுங்குன்னு சொல்லுவாரு. ஒதுங்கினவங்க வந்து சொல்லியிருக்காங்க."

"ஒதுங்காதவங்க?"

"அவங்க யாரும் வந்து சொல்லல."

வெண்டெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "காட்டுல கிடந்து கிடந்து மூளையில பாசி பிடிச்சிருச்சு உங்களுக்கு."

"ஆன்டெனாவக் கழட்டி, சுரண்டி மாட்டித் தரேன். கொஞ்ச நேர வேலை."

"என் வண்டியில எவன் கையும் படக் கூடாது."

"அப்ப வண்டி இங்க நிக்கட்டும். சாயங்காலம் ரெண்டு பேரும் என்கூட இறங்குங்க."

அதற்கும் அவன் ஒப்பவில்லை. மதியச் சாப்பாடு முடியும்வரை வண்டியிலேயே குறட்டை விட்டுத் தூங்கினான். ரோவீனா பாத்திரம் கழுவிவிட்டு வெளியே வந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஐவரோடு போயிருக்கலாம். வெண்டெலை நினைத்தாலே அவளுக்கு வெறுப்புத்தான் வந்தது. ஆனாலும் அவனைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை. பாழாய்ப்போன மனம். ஏறி உட்கார்ந்தாள்.

இறங்கும்போது பனி இன்னும் கெட்டியாக இருந்தது. எட்டாம் மைல் பலகை வந்தது. வெண்டெல் மைக்கைத் தொடவில்லை. ரோவீனாதான் எடுத்து மெதுவாகச் சொன்னாள்.

"காலி, எட்டாம் மைல். இறங்கறோம்."

"கேக்குதும்மா." அதே குரல். "நான் உங்களுக்குப் பின்னால வரேன். அஞ்சுல ஒதுங்குங்க. பிரேக் பிடிக்கல."

வெண்டெல் மைக்கைப் பிடுங்கினான். "நீ செத்துட்டேன்னு சொன்னாங்க. செத்தவனுக்கு எதுக்குடா பிரேக்கு?"

ரேடியோ வெகுநேரம் இரைந்துகொண்டிருந்தது.

"அஞ்சுல ஒதுங்கிடு," என்றது குரல். "உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"கெஞ்சு. நல்லாக் கெஞ்சு."

ஐந்தாம் மைல் பலகை பனியிலிருந்து வெளிப்பட்டது. வலப்பக்கம் பாறையைக் குடைந்த ஒதுங்குமிடம்.

"நிறுத்து, வெண்டெல். நிறுத்து."

நடுச்சாலையிலேயே நிறுத்தினான். "பயமா இருந்தா எறங்கு. எறங்கி அந்தப் பேயோட வா."

"நீயும் எறங்கு." அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தடவை நான் சொல்றதக் கேளு."

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். அவள் இறங்கிவிட்டாள்.

"அடிவாரத்துல நிப்பேன். நடந்து வா, அப்பத்தான் புத்தி வரும்."

பின்விளக்கு இரண்டும் பனியில் கரைந்தன. அவள் ஒதுங்குமிடத்தில் பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

மேலே உறுமல் கிளம்பியது.

சங்கிலிச் சத்தம் கேட்டது.

அது அவள் முகத்துக்கு நேரே கடந்து போனது. தலைமுடி பறந்தது. நாற்றம் தொண்டையை அடைத்தது. கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். எதுவும் தெரியவில்லை.

கீழே ஒரு ஹாரன் நீளமாக அலறியது. இரும்பு நசுங்கியது. மரங்கள் முறிந்தன.

பிறகு மறுபடி நீர் சொட்டும் சத்தம்தான்.

ஐவர் அவர்களைப் பின்தொடர்ந்து வந்துகொண்டுதான் இருந்தார். இருவரும் டார்ச்சோடு பள்ளத்தில் இறங்கினார்கள். பிக்கப்பின் பின்பக்கம் முன்னிருக்கைவரை நசுங்கியிருந்தது. இடுக்குகளில் ஈரம் காயாத தேவதாருப் பட்டை செருகியிருந்தது. சாலையில் பிக்கப்பின் தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. வெண்டெலுக்கு உயிர் இல்லை. மைக் அவன் கைக்குள் இருந்தது, கட்டைவிரல் பொத்தானை அழுத்தியபடி.

கடைசியில் அவன் யாரையோ கூப்பிட்டிருக்கிறான். ஐவரின் ரேடியோ வழி முழுக்கத் திறந்துதான் இருந்தது. அவர் எதையும் கேட்கவில்லை. அதைச் சொன்னபோதுதான் ரோவீனா அழுதாள்.

குளிர்காலம் கழிந்தது. அவள் வேலையை விடவில்லை. வேறொரு பழைய வண்டி வாங்கினாள். மெல்வின் அதன் கூரையில் ஒரு வட்டம் பளபளவென்று இரும்பு தெரியும்வரை சுரண்டி ஆன்டெனாவைப் பொருத்தினார். மீட்டர் வைத்து இரண்டு முறை பார்த்தார். மலையில் அவள் குரல் கேட்காத இடமே இல்லை என்றார்கள் டிரைவர்கள். அந்தக் கரகரப்பான குரல் அதன்பின் அவளுக்கு ஒருநாளும் கேட்கவில்லை.

முதல் வசந்த மூடுபனி இறங்கிய காலையில் அவள் மைக்கை அழுத்தினாள்.

"காலி, அஞ்சாம் மைல்."

"நல்லாக் கேக்குது, ரோவீனா," என்றார் ஐவர். "லோடு எதுவும் இல்ல, வாங்க. ஆமா, கூட யாரு?"

"யாருமில்லையே. நான் மட்டும்தான்."

"நீங்க பொத்தான அமுக்கறப்பல்லாம் பக்கத்துல ஒரு ஆம்பளக் குரல் கேக்குதே. மெல்வினத் திட்டறாரு, என்னைத் திட்டறாரு. இப்பகூட."

ரோவீனா ஒதுங்குமிடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். பழைய வெறுப்பு சூடாக எழுந்தது. சுற்றிப் போய்ப் பக்கத்துக் கதவை அகலத் திறந்து பிடித்தாள்.

"எறங்கு," என்றாள்.

பனி உள்ளே புகுந்தது. இருக்கையில் எவருமில்லை. அவள் அப்படியே காத்துக்கொண்டு நின்றாள்.

கதவு அவள் கையிலிருந்து மெல்ல நழுவி, உள்பக்கமாக இழுபட்டுச் சாத்திக்கொண்டது.