அழித்த மோதிரம்

மௌலா அலி ஸ்டேஷனைத் தாண்டி, குன்றைப் பார்த்த பழைய மாடி வீடு. படிக்கட்டில் ஈரச் சுண்ணாம்பு வாடை. மாடியில் பிந்து நகை செய்கிறாள். நம்மைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டுச் செய்து தருவாள்.

என் கல்யாண மோதிரத்தை அழித்து, மூன்று வயது மகள் ஹம்ஸினிக்குக் காது வளையம் செய்யப் போயிருந்தேன். எல்லோரிடமும் காதுகுத்துக்கு என்றுதான் சொன்னேன்.

காரணம் வேறு. என் மனைவி நித்யஸ்ரீ தூங்கும்வரை, கட்டைவிரலால் என் விரலில் அந்த மோதிரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பாள். ஆடியில் இறந்துபோனாள்.

மோதிரம் நிற்கவில்லை.

இழுத்தால் கழலாது. சும்மா இருந்தால் சுற்றும். நெருப்பில் போட்டால் முடிந்துவிடும் என்று நம்பினேன்.

பிந்து சின்ன ரம்பத்தால் அறுத்தெடுத்தாள்.

"என்னங்க, விரல் இப்படிப் புண்ணாயிருக்கு! சோப்பு போட்டுப் பாத்தீங்களா?"

"ஹவ்."

"ஆமான்னு தமிழ்ல ஒரு வார்த்தை இருக்குங்க." அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காகிதத்தில் வரைந்து காட்டினாள். "திருகு வைக்கவா?"

"வேண்டாம். கழட்டித் தொலைச்சிடுவா."

"அப்ப குறடால அழுத்தி மூடிடறேன். வெட்டினாத்தான் வரும். சரியா?"

"அப்படியே செய்யுங்க."

தீக்குழாயை என் கையிலேயே கொடுத்தாள். மண்கிண்ணத்தில் பொன் உருகி, உருண்டையாகி, சுழன்றது.

"தீ வேகத்துல சுத்தும். பயப்படாதீங்க."

தீயை அணைத்தேன்.

சுழன்றுகொண்டே இருந்தது.

ஆறியதும் பிந்து அதைக் கம்பியாக இழுத்து இரண்டு வளையங்கள் செய்தாள்.

ஹம்ஸினியைத் தாய்மாமன் தீபக்கின் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். பிந்துவே வந்து வளையங்களை மூடினாள். "தினமும் எண்ணெய் விட்டுச் சுத்தி விடுங்க. இல்லேன்னா ஒட்டிக்கும்."

அன்றிரவு பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். எண்ணெயை மறந்தேன்.

காலையில் ஹம்ஸினியின் வலது காதுமடலில் தேங்காயெண்ணெய் மினுங்கியது. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

"யாரும்மா போட்டா?"

"அம்மா திப்புத்துந்தி நான்னா." அம்மா சுத்தறா அப்பா என்று தெலுங்கில் சொல்லி, விரலை வட்டமாகச் சுழற்றிக் காட்டினாள்.

காயம் ஆறியது. வலது வளையம் நிற்கவில்லை. மடல் மறுபடி சிவந்து கசிந்தது.

வெட்டக் குறடு எடுத்துப் போனேன். அருகில் கொண்டுபோனதும் வளையம் இறுகியது. மடல் வெளுத்தது. குழந்தை அலறினாள்.

குறடை விலக்கினேன். தளர்ந்தது.

இன்னொரு முறை முயன்றேன். இன்னும் இறுகியது.

இப்போது அவள் என் மடியில் தூங்குகிறாள். நான் அந்தக் காதருகே குனிந்தேன். என் வெறும் விரலை நீட்டினேன்.

"குழந்தையை விட்டுடு, நித்யா. எங்கிட்டயே வந்துடு."

வளையம் நின்றது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். என் விரலில் எதுவும் படவில்லை. தேங்காயெண்ணெய் வாசம் மட்டும் வந்தது.

இடது காது வளையம் மெல்லத் திரும்பத் தொடங்கியது.