பள்ளத்து விளக்கு

விளக்கை அடியோடு அணைத்த பிறகும் தங்கை கண்ணாடிக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

அப்படி நிற்க வழியே இல்லை. மேடைக்கு முன்னால் ஒரு பள்ளம். அதற்குள் வெள்ளை அங்கி போட்டு அவள் நிற்பாள். அவள்மேல் ஒரு விளக்கு. மேடையில் சாய்த்து வைத்த பெரிய கண்ணாடி அவள் உருவத்தைப் பிடித்து ஆவியாகக் காட்டும். அண்ணன் விளக்கைக் குறைத்தால் ஆவி கரைந்துவிடும். வித்தை அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் அலறுவார்கள், அண்ணனும் தங்கையும் சிரிப்பார்கள்.

ஆனால் அடியோடு அணைப்பது மட்டும், அவள் ஏணியேறி வெளியே வந்து பள்ளத்தின் விளிம்புப் பலகையில் இரண்டு முறை தட்டிய பிறகுதான்.

"தட்டுறதுக்கு முன்னாடி அணைச்சிடாதேண்ணா. கும்மிருட்டு."

"பேய் வேஷம் கட்டுறவளுக்கே இருட்டுன்னா பயமா?"

இன்று ஒத்திகை முடிந்து எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சும்மா சீண்டத்தான், அவள் தட்டுமுன்னே அணைத்தான், பாவி.

"சரி, போதும். மேல வா."

அவள் ஏறி வரவில்லை. மேடை ஓரத்து பல்பின் மங்கல் வெளிச்சத்தில் ஏணியைப் பிடித்து இறங்கினான். சூடு ஆறாத விளக்கிலிருந்து பொசுங்கிய தூசியின் வாடையும், கருப்புத் துணி அடித்த சுவர்களின் ஈர வாடையும், அவள் பூசியிருந்த பவுடரின் வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கை அடைத்தன. அவள் இல்லை. செருப்பு மட்டும் கிடந்தது. பள்ளத்திலிருந்து வெளியேற வேறு வழியும் கிடையாது.

மேலே ஓடிவந்தான். கண்ணாடிக்குள் அவள் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை. மறுபடி இரண்டு முறை. சத்தமே வரவில்லை.

விளக்கைப் போட்டான். மறைந்தாள். அணைத்தான். வந்தாள், அழுதபடி. இருட்டில் விட்டால்தான் இருப்பாள். இருட்டுதான் அவளுக்கு ஆகாது.

"விளையாட்டுக்குப் பண்ணிட்டேன், கண்ணு. வந்துடு. அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

கண்ணாடியில் நெற்றியை முட்டி முட்டி அழுதான்.

முதுகுக்குப் பின்னால் பலகை தட்டப்பட்டது. இரண்டு முறை.

"வெளிய வந்துட்டேண்ணா." அவள் குரலேதான்.

நிமிர்ந்தான். கண்ணாடிக்குள் தங்கையின் வாய் அசையவில்லை. தட்டுவதையும் நிறுத்தியிருந்தாள். திரும்பாதே, திரும்பாதே என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவள் பார்வை பள்ளத்தின் விளிம்பிலிருந்து மெல்ல நகர்ந்தது.

ஓர் அடி.

இன்னோர் அடி.

அவன் முதுகில் வந்து நின்றது.